பழுத்த குலையும் பக்கக்கன்றும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் காலை, ஸ்ரீரங்கத்தில் நான் நாள்தோறும் காப்பி அருந்தும் கடையில் துக்க வீட்டின் சாயல் படிந்திருந்தது. கல்லூரி மாணவர் நால்வர், ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பெஞ்சியில் அமர்ந்திருந்தனர். என்ன நேர்ந்தது என்று வினவினேன். "ஜடேஜாவைக் கொடுத்துவிட்டார்கள், சார்" என்றான் ஒருவன். ஏதோ வீட்டுப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றுவிட்டாற்போல அவன் குரல் தழுதழுத்தது.

செய்தி இதுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, தன்னிடம் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய ரவீந்திர ஜடேஜாவையும், இங்கிலாந்து நாட்டுப் பந்து வீச்சாளர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவ்வணியின் தலைவராக இருந்த சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. ஜடேஜாவுக்கு அப்போது முப்பத்தேழாம் வயது நிறைய மூன்று வாரமே இருந்தது. சாம்சனுக்கு முப்பத்தொன்று. "வயதாகிவிட்டால் தள்ளிவிடுவதா?" என்றான் முதல் மாணவன். "நாளைக்கு ஆள் வேண்டாமா?" என்றான் அடுத்தவன். அரை மணி நேரம் வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது ஆண்டுக் காலம் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இது விளையாட்டுச் செய்தியாக மட்டும் தோன்றவில்லை. இன்றைய நன்மைக்காக நாளைய நன்மையை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வி, குடும்பத்துக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு. பதினொரு பேர் கொண்ட அணியில் அது நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே, திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரமாகச் சென்றால் வாழைத் தோட்டங்களைக் காண்பீர்கள். தாய் வாழையின் அடியில் பக்கக்கன்றுகள் இடைவிடாமல் முளைத்துக்கொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் வளரவிட்டால், தாய் மரத்துக்குச் சேரவேண்டிய உரத்தையும் நீரையும் அவை உறிஞ்சிக்கொள்ளும், குலை சிறுத்துப்போகும். ஆதலால் உழவர் மாதந்தோறும் அவற்றை அறுத்துவிடுகிறார். ஆனால் குலை தள்ளியதும் ஒரு கன்றை மட்டும் விட்டுவைக்கிறார். அதுவே மறுதாம்புப் பயிர். அந்த ஒன்றையும் அறுத்தவன் இந்த ஆண்டு பெரிய குலை வெட்டலாம். அடுத்த ஆண்டு கன்று வாங்கச் சந்தைக்குப் போகவேண்டும். எல்லாக் கன்றையும் அன்போடு வளர்த்தவனுக்கோ இந்த ஆண்டும் குலையில்லை, அடுத்த ஆண்டும் நல்ல குலையில்லை. எதை அறுப்பது, எதை விடுவது, எப்போது விடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாக நடைபெறுவது அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில். அங்கே முதல்தர அணிகள் முப்பது உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் அடியில் இளைஞர்கள் பயிலும் சிற்றணிகள் பல உண்டு. அவற்றை அவர்கள் 'பண்ணை' என்றே அழைக்கிறார்கள்; நம் வாழைத் தோட்டத்தை நினைவூட்டும் பெயர். பருவத்தின் நடுவே, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பண்ணையிலுள்ள இளைஞன் ஒருவனைக் கொடுத்து வேறோர் அணியின் முதிர்ந்த ஆட்டக்காரரை வாங்குவது அங்கே வழக்கம். பெரும்பாலும் அப்படித் தேடப்படுபவர் பந்தெறிபவர். காரணம் எளிது. நம் கிரிக்கெட்டில் ஒருவர் ஆறு பந்து வீசிவிட்டு ஒதுங்குவார். பேஸ்பாலிலோ தொடக்கத்தில் எறிபவர் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தாமே எறிவார்; எறிந்தபின் நான்கைந்து நாள் கைக்கு ஓய்வு வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு நல்ல கைகள் ஐந்தாவது தேவை. அவை எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நீடிப்பதில்லை.

1987ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நடந்த ஒரு பண்டமாற்றை அந்நாட்டார் இன்றும் பேசுகிறார்கள். டெட்ராயிட் டைகர்ஸ் அணி தன் பிரிவின் முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. அட்லாண்டா பிரேவ்ஸ் அணியோ தோல்வியில் துவண்டு கிடந்தது. அட்லாண்டாவிடம் டாயில் அலெக்சாண்டர் என்ற முப்பத்தாறு வயதுப் பந்தெறிபவர் இருந்தார். டெட்ராயிட்டின் பண்ணையில் ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயது இளைஞன் இருந்தான். அவன் அந்த மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து, டெட்ராயிட் அணியைப் போற்றி வளர்ந்தவன். இவனைக் கொடுத்து அவரை வாங்கினார்கள்.

அலெக்சாண்டர் வந்தார்; ஒன்பது ஆட்டங்களில் வெற்றி ஈட்டினார்; ஒன்றிலும் தோல்வி அவர் கணக்கில் ஏறவில்லை. டெட்ராயிட் பருவத்தின் கடைசி நாளில் முதலிடத்தைப் பிடித்தது. இதைவிடச் சிறந்த பேரம் உண்டா என்று அன்று யாரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அடுத்த சுற்றில் மின்னசோட்டா அணியிடம் டெட்ராயிட் தோற்றது. அதில் அலெக்சாண்டர் எறிந்த இரண்டு ஆட்டங்களும் தோல்வி. இரண்டே ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸோ இருபது ஆண்டுகள் அட்லாண்டாவுக்காக எறிந்தார். 1995இல் அவ்வணி உலகத் தொடரை வென்றபோது அவரும் அதில் இருந்தார். 1996இல் ஆண்டின் சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருது பெற்றார். 2015இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். டெட்ராயிட் அணி இறுதிச் சுற்றுகளை மீண்டும் எட்டிப் பார்த்தது 2006ஆம் ஆண்டில்தான்.

இக்கதையைக் கேட்டதும் டெட்ராயிட் நிர்வாகிகளை அறிவிலிகள் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் விரும்பியது அந்த ஆண்டின் முதலிடம், அது கிடைத்தது. இருபது வயது இளைஞருள் பெரும்பாலோர் ஸ்மோல்ட்ஸ் ஆவதில்லை. கை ஒடிந்தோ, மனம் ஒடிந்தோ, பெயர் தெரியாமல் மறைந்துபோகிறார்கள். அந்தப் பலருக்காக அலெக்சாண்டரை மறுத்த அணிகளின் கதையை யாரும் எழுதிவைப்பதில்லை. பலித்த விதையையே நாம் நினைவில் கொள்கிறோம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஐ.பி.எல். போட்டியிலும் ஆட்டக்காரரைக் கொடுத்து வாங்கலாம். ஆயினும் அமெரிக்க முறைக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடுகள் உண்டு. இங்கே ஆட்டக்காரரின் இசைவின்றி மாற்று நடைபெறாது. அங்கே, தனி உரிமை பெற்ற சிலர் நீங்கலாக, மற்றவர் விடிந்ததும் வேறு நகருக்குப் பயணப்பட வேண்டியவரே. இன்னொன்று, செலவுக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு; 2026 பருவத்துக்கு ஓர் அணிக்கு 125 கோடி ரூபாய். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி. மாற்றின்போது அது 14 கோடியாகக் குறைந்தது. கரனுக்கு 2.4 கோடி. சாம்சனுக்கு 18 கோடி. இருவரைக் கொடுத்து ஒருவரைப் பெற்றதால் சென்னைக்கு 2.4 கோடி மிச்சம். அந்த மிச்சத்தோடு ஏலத்துக்குப் போகலாம். மாற்றின் உட்பொருளில் பாதி இந்த மிச்சக் கணக்குதான்.

மூன்றாவது வேறுபாட்டைத்தான் மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பண்ணையிலிருந்து மேலேறும் இளைஞன் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அதே அணிக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே அங்கே எதிர்காலம் என்பது நீண்டது. ஐ.பி.எல்.லில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரு ஏலம் வருகிறது. 2011, 2014, 2018, 2022, 2025 பருவங்களுக்கு முன்பு அது நடந்தது. அப்போது சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவரை ஏலக் களத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நீங்கள் நீர் ஊற்றி வளர்த்த கன்றின் குலையை அடுத்த தோட்டக்காரர் வெட்டிக்கொண்டு போகலாம்! அப்படியிருக்கும்போது எவர்தாம் பொறுமையோடு கன்று வளர்ப்பார்?

2018இல் சென்னை அணி செய்தது இதைக் கொண்டுதான் விளங்கும். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் மீண்டு வந்த அவ்வணி முதியவர்களையே தேடி வாங்கிற்று. அவர்களை 'அப்பாக்களின் படை' என்று பலர் எள்ளி நகையாடினர். ஷேன் வாட்சனுக்கு வயது முப்பத்தாறு. இறுதி ஆட்டத்தில் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் குவித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டு, நாற்பது வயது நிறைந்த இம்ரான் தாஹிர் 26 விக்கெட்டுகள் வீழ்த்திப் போட்டியிலேயே முதல்வராக நின்றார். அணியோ இறுதி ஆட்டத்தில் ஒரே ஓட்டத்தில் தோற்றது. சுழற்பந்து வீச்சாளருக்கு வயது அத்துணைப் பகையன்று. விரலும் மூளையும் முதிர்ச்சியால் கூர்மை பெறுகின்றன. வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடன் சீட்டு 2020இல் வந்தது. எட்டு அணிகளில் ஏழாம் இடம். அவ்வணி அதற்கு முன் ஆடிய எந்தப் பருவத்திலும் இறுதிச் சுற்றுகளைத் தவறவிட்டதில்லை. இதோடு முடிந்திருந்தால் முதியோரை நம்பியதன் பலன் இது என்று நான் எளிதில் சொல்லிவிடுவேன். ஆனால் 2021இல் அதே அணி மீண்டும் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் 86 ஓட்டங்கள் எடுத்த டுபிளெசிக்கு வயது முப்பத்தேழு! அந்தப் பருவத்தில் 635 ஓட்டங்களுடன் முதலிடம் பெற்ற ருதுராஜ் கெய்க்வாடோ, 2018 டிசம்பர் ஏலத்தில் வெறும் 20 இலட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டவர். தொடக்கத்தில் நெடுநாள் பெஞ்சியில் உட்கார்த்திவைக்கப்பட்டவர். தாய் மரமும் நின்றது, ஒரு கன்றும் விடப்பட்டிருந்தது.

பந்து வீச்சுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில் அவ்வணி பட்ட பாடு தனிக் கதை. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்களுக்கு மேல் வீசலாகாது. ஆகவே குறைந்தது ஐவர் வேண்டும். அவருள் ஒருவர் முடமானாலும் அணி நொண்டும். 2022 ஏலத்தில் தீபக் சாஹருக்கு 14 கோடி ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் காயத்தால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. அணி ஒன்பதாம் இடத்துக்குச் சென்றது. அதே ஆண்டு வேறொருவரின் இடத்தை நிரப்ப வந்த இலங்கை இளைஞர் மதீஷ பத்திரன, 2023இல் 19 விக்கெட்டுகள் எடுத்துக் கோப்பைக்குத் துணை நின்றார். 2024இல் ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள், பிறகு காயம். 2025க்கு 13 கோடி கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் பழைய கூர்மை இல்லை. நவம்பரில் விடுவித்தார்கள். டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. ஓர் இளைஞனின் தோள்பட்டையைப் பற்றி இரண்டு அணிகள் இத்துணை மாறுபட்ட மதிப்புச் சொல்கின்றன என்றால், இந்தச் சந்தையில் உறுதி என்பது எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள்.

என் கருத்தில் 2025இல் நேர்ந்த வீழ்ச்சிக்கு வித்து அதற்கு முந்திய பெரு ஏலத்திலேயே இடப்பட்டது. தோனிக்கு நாற்பத்து மூன்று வயது. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க அவருக்கு அடுத்தவர் இவர்தாம் என்று சுட்டத்தக்க ஒருவர் இல்லை. முப்பத்தெட்டு வயது அஸ்வினை 9.75 கோடிக்கு வாங்கினார்கள். அவர் நம் மாநிலத்தின் பெருமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட்டுகளே அவருக்குக் கிடைத்தன, ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து விடைபெற்றார். பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றியுடன் அணி வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தை அடைந்தது. அதே அணியில் இருபது வயது ஆப்கானியர் நூர் அகமது 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார் என்பதையும் சொல்லவேண்டும். இளமை என்றால் நாளைக்கு, முதுமை என்றால் இன்றைக்கு என்று கோடு கிழிக்க முற்படுவோர் இவரிடம் இடறி விழுவர்.

தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, டிவால்ட் பிரேவிஸ் போன்ற இளைஞருக்கு வழி திறந்தது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது துணிவு எளிது. பின்னர் நவம்பரில் நடந்த மாற்று, நாம் கண்ட டெட்ராயிட் கதைக்கு நேர்மாறானது. அங்கே எதிர்காலத்தைக் கொடுத்துப் பந்து வீச்சை வாங்கினார்கள். இங்கே பந்து வீச்சைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்கினார்கள். ஜடேஜாவைக் கொடுத்தது கணக்குப்படி தவறென்று நான் கருதவில்லை. அவரோடு இருபத்தேழு வயதுக் கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் கணக்கு மட்டுமா பேசவேண்டும்? 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை. ஜடேஜா ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்தார். அன்று நள்ளிரவுக்கு மேல் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வெடித்த வெடியின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் பாதிப் பேரை மாற்றிக்கொண்டே போனால், மஞ்சள் சட்டையைத் தவிர வேறு எதை ஓர் ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்? இந்த இழப்புக்கு விலைப்பட்டியல் இல்லை; இல்லாததாலேயே நிர்வாகிகள் இதைச் சுழியமென்று எழுதிவிடுகிறார்கள்.

இதை நான் பெரிய மனிதத் தோரணையில் சொல்ல இயலாது. 1974ஆம் ஆண்டு, கொள்ளிடக் கரைத் திடலில் தேங்காய் நார்ப் பாய் விரித்து ஆடிய ஓர் அணிக்கு நான் தலைவன். எங்களிடம் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். இடக்கையால் சுழற்பந்து வீசுவான். அந்தக் கோடையில் ஒரு கோப்பைக்காக எனக்கு வேகப்பந்து வீச்சாளர் தேவைப்பட்டார். காவிரிக்கு அக்கரையில் ஓர் அணியில் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அவரை எங்களுக்கு விடுவது, எங்கள் சிறுவனை அவர்கள் எடுத்துக்கொள்வது என்று தேநீர்க்கடையில் பேசி முடித்தோம். கோப்பையை வென்றோம். வந்தவரின் தோள் அடுத்த ஆண்டே கைவிட்டது. அக்கரைக்குச் சென்ற சிறுவன், அதற்குப் பிந்திய மூன்று கோடைகளிலும் எங்களைத் தோற்கடித்தான். ஓர் ஆட்டத்தில் என்னைச் சுழியத்தில் வெளியேற்றிவிட்டு, சிரிக்காமல் திரும்பி நடந்தான்.

பல்லாண்டு கழிந்தபின் அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப் பெருக்கன்று அவரைச் சந்தித்தேன். தலை நரைத்திருந்தது, பேரனைக் கையில் பிடித்திருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். அந்த மாற்றைப் பற்றி நானே எடுத்தேன். அவர் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தார். "அணியின் பந்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், அண்ணா. போகிறாயா என்று கேட்கவில்லையே" என்றார். ஐ.பி.எல். விதிகளில் ஆட்டக்காரரின் இசைவு வேண்டும் என்ற வரியைப் படித்தபோது எனக்கு இந்தப் படித்துறைதான் நினைவுக்கு வந்தது.

2025 டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் ஏலம் நடந்தது. மாலையில் அதே காப்பிக் கடை, அதே நால்வர். இப்போது துக்கம் போய் வியப்பு வந்திருந்தது. ஜடேஜாவின் இடத்துக்கு, அவரைப் போலவே இடக்கைச் சுழற்பந்து வீசி மட்டையும் பிடிக்கும் பிரசாந்த் வீர் என்ற உத்தரப் பிரதேச இளைஞரைச் சென்னை வாங்கியிருந்தது. வயது இருபது, தொடக்க விலை 30 இலட்சம், முடிந்த விலை 14.20 கோடி. அதே விலைக்கு, பத்தொன்பது வயது கார்த்திக் சர்மா என்ற விக்கெட் காப்பாளரையும் எடுத்திருந்தார்கள். இந்தியாவுக்காக ஆடாத இந்திய ஆட்டக்காரர் எவருக்கும் அதுவரை அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை. அனுபவத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளின் அகீல் ஹொசைன் 2 கோடிக்கு வந்தார்.

"இது சரியா, சார்?" என்றான் அன்று கண் கலங்கியவன். அவனிடம் ஒரு தாள் வாங்கி, கொடுத்தவர் பெயர்களை ஒரு பக்கமும் பெற்றவர் பெயர்களை மறு பக்கமும், அவரவர் வயதோடும் விலையோடும் எழுதச் சொன்னேன். கீழே 2030 என்று ஓர் ஆண்டைக் குறிக்கச் சொன்னேன். கடைக்காரர் அதை வாங்கி, பால் கணக்குக்குப் பக்கத்தில் நாட்காட்டியின் அடியில் ஒட்டிவைத்தார். ஓரத்தில் காப்பிக் கறை பட்டிருக்கிறது. எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது.